வீட்டில் தண்ணீர் புகுந்து மென்பொருள் லைசென்ஸ் கீ போய்விட்டால்: மீட்கும் வழி, வரிசைப்படி

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் கண்ணில் படுவது மெத்தை, மரச்சாமான், மின்சாதனம். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் லைசென்ஸ் கீ, அதாவது காசு கொடுத்து வாங்கியதற்கு அடையாளமாகத் தட்ட வேண்டிய குறியீடு, அப்போது யாருக்கும் நினைவில் இருக்காது. நாட்கள் கழித்து, வேறொரு கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளை நிறுவிப் பார்க்கும்போதுதான், கீயைக் கேட்டு ஒரு பெட்டி திரையில் வந்து நிற்கும். அதற்குள் நனைந்த டப்பாவையும் ரசீதையும் யாராவது அள்ளிக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் குழாய் வெடித்து அலமாரியும் மேஜையும் நனைந்த பிறகு, கீகளை மீட்க நான் நிறைய அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் நனைந்த ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டேட்டா ரெக்கவரிக்கு ஓடுகிறார்கள். இருக்கிற வழிகளிலேயே அதிகம் செலவு வைப்பதும், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். கீயை விட முக்கியம், நீங்கள் அதை வாங்கினீர்கள் என்பதற்கான அத்தாட்சி. அத்தாட்சி கையில் இருந்தால் கீயே இல்லாமலும் பல நிறுவனங்களில் காரியம் முடிந்துவிடும். ஆகவே முதலில் தாள்களைக் காப்பாற்றுங்கள், அடுத்து கணக்குகளில் தேடுங்கள், அப்புறம் நிறுவனத்திடம் கேளுங்கள். டிஸ்க்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

1. முதல் சில மணி நேரம்: எதையும் ஆன் செய்யாதீர்கள், எதையும் எறியாதீர்கள்

மெயின் சுவிட்சை அணைக்காமல் நனைந்த கம்ப்யூட்டர் பக்கமே போகாதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் அதையும் கழற்றிவிடுங்கள். 'வேலை செய்கிறதா, ஒருமுறை பார்த்துவிடலாம்' என்ற ஆசைதான் பெரிய எதிரி. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால், சுத்தம் செய்து பிழைக்க வைத்திருக்கக்கூடிய மதர்போர்டும் எஸ்எஸ்டியும் (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) அந்த ஒரு நொடியில் போய்விடும்.

வந்தது குழாய்த் தண்ணீரா, சாக்கடை கலந்த தண்ணீரா என்று பாருங்கள். சாக்கடை கலந்திருந்தால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தாள்களைத் தொட வேண்டாம்.

அடுத்து, இருக்கிற நிலையிலேயே எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். அலமாரி முழுவதும் ஒரு படம், பிறகு ஒவ்வொரு டப்பாவும், சிடி உறையும், ரசீதும் தனித்தனியாக. லேப்டாப்பின் அடிப்பக்கம், பேட்டரி இருக்கும் குழி, டெஸ்க்டாப்பின் பக்கவாட்டு ஸ்டிக்கர் எதையும் விடாதீர்கள். காப்பீட்டுக் கோரிக்கைக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் இதே படங்கள்தான் பயன்படும். வீட்டைச் சுத்தம் செய்ய வருகிறவர்களிடம், ஒரு பெட்டியைக் காட்டி 'இதில் இருப்பதை மட்டும் தொடாதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

2. நனைந்த தாளும் சிடியும்: 48 மணி நேரக் கெடு

ஈரத் தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் காயவைக்க வேண்டும். நிறைய இருந்து சமாளிக்க முடியவில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த தாளில் பூஞ்சை வளராது, மையும் மேற்கொண்டு பரவாது. பிறகு ஆற அமர, ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம்.

காயவைக்க வெயில் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். உறிஞ்சும் வெள்ளைத் தாள்களை நடுநடுவே வைத்து, ஃபேன் காற்று நேராக அடிக்காத இடத்தில் பரப்புங்கள். உறிஞ்சிய தாளை அடிக்கடி மாற்றுங்கள். எழுத்தின் மேல் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.

பளபளப்பான தாளில் அச்சிட்ட கையேடுகள் தனி ரகம். அவை ஈரமாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிரிக்கும்போது எழுத்தோடு உரிந்து வந்துவிடும். பழைய மென்பொருள் டப்பாக்களில் கீ பெரும்பாலும் கையேட்டின் முதல் பக்கத்திலோ பின்னட்டையிலோ ஒட்டப்பட்டிருக்கும் என்பதால், முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கடை ரசீது பெரும்பாலும் தெர்மல் தாள். சூடு பட்டால் தாள் முழுவதும் கறுத்துவிடும். ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டாலும் எழுத்து நாசமாகும். முதலில் படம் எடுங்கள், பிறகு நிழலில் காயவிடுங்கள், அவ்வளவுதான்.

கையால் எழுதி வைத்த கீ என்றால், எதனால் எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. பென்சிலும் சாதாரண பால்பாயிண்ட் பேனாவும் தண்ணீரைத் தாங்கும். ஸ்கெட்ச் பேனாவும் பெரும்பாலான இங்க் பேனாவும் கரைந்து ஓடிவிடும். லேசர் பிரிண்டர் அச்சு நிற்கும், இங்க்ஜெட் அச்சு பரவும். நேரம் குறைவாக இருந்தால், கரையக்கூடிய தாள்களை முதலில் எடுங்கள்.

சிடியை உறையிலிருந்து எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் மென்மையான துணியால் ஒற்றித் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கீ ஒட்டியிருப்பது அநேகமாக அதன் முதுகில்தான்.

3. மங்கிய கீயைப் படிப்பது

இந்த இடத்தில்தான் பலர் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள். பாதி அழிந்த ஸ்டிக்கரிலிருந்துகூட முழுக் கீயை எடுக்க முடியும்.

தாளை மேஜையில் தட்டையாக வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைத் தாளின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பேனா அழுத்திய தடம் நிழலாக எழுந்து தெரியும். மை முழுவதும் போயிருந்தாலும் தடம் இருக்கலாம். டார்ச்சை நான்கு பக்கமிருந்தும் அடித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம் எடுங்கள். இங்க்ஜெட் எழுத்து பரவியிருந்தால் அந்தப் படத்தைக் கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். கறுப்பு மை கரையும்போது அதிலிருக்கும் சாயங்கள் வெவ்வேறு தூரம் பரவும். ஒரு நிறத்தில் வெறும் கறையாகத் தெரிவது, இன்னொன்றில் எழுத்தாகவே நிற்கும்.

மைக்ரோசாஃப்ட் கீ என்றால் உங்களுக்கு இன்னொரு துணை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து வரும் 25 எழுத்துக் கீகளில், குழப்பம் தரும் எழுத்துகளை அவர்கள் பயன்படுத்துவதே இல்லை. ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்துமே கிடையாது. எல், எஸ், இஸட் கிடையாது. எண்களில் 0, 1, 5 கிடையாது. 'என்' என்ற எழுத்து விண்டோஸ் 8 காலத்திலிருந்துதான் வருகிறது. விண்டோஸ் 7 ஸ்டிக்கரில் அது இருக்காது.

இதை வைத்து வேலை செய்யுங்கள். வட்டமாகத் தெரிவது ஓ-வும் இல்லை, பூஜ்யமும் இல்லை. வால் அழிந்த க்யூவாக இருக்கலாம், அல்லது இடப்பக்கக் கோடு மங்கிய டி (D) ஆக இருக்கலாம். இஸட் மாதிரி தெரிந்தால் அது 2. எஸ் மாதிரியோ 5 மாதிரியோ தெரிந்தால் 3, 6, 8 ஆகியவற்றில் ஒன்றின் மிச்சம். ஒற்றைக் கோடாகத் தெரிவதை 1 என்று எடுத்துக்கொள்ளாமல் 7 அல்லது ஜே என்று வைத்துப் பாருங்கள். உண்மையான சந்தேகம் தருபவை ஜி-யும் 6-உம், பி (B) எழுத்தும் 8-உம்தான். ஒவ்வொரு இடத்துக்கும் சாத்தியமான எழுத்துகளைக் கட்டம் போட்டு எழுதினால், 'படிக்கவே முடியாது' என்று நினைத்த கீயில் உறுதியில்லாத இடங்கள் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அந்தக் கலவைகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். கண்டபடி முயலாமல், போட்டதை ஒரு தாளில் அடித்துக்கொண்டே போங்கள்.

ஸ்டிக்கரை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அழுக்கோடு அச்சும் வந்துவிடும். வெள்ளிப் பட்டையால் மறைத்த கீ என்றால், நன்றாகக் காய்ந்த பிறகுதான் மெதுவாகச் சுரண்ட வேண்டும். ஈரத்தில் சுரண்டினால் கீழே இருக்கும் தாளும் கூடவே வரும்.

4. எதற்குக் கீ வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரியுங்கள்

உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த காசு கொடுத்த மென்பொருள் அத்தனையும், பதிப்பு எண்ணோடு. நினைவில்லை என்றால் உங்கள் பழைய கோப்புகளின் வகைகளைப் பாருங்கள். எந்த மென்பொருளில் செய்தவை என்று தெரிந்துவிடும்.

கணக்கோடு ஒட்டியவை ஒரு வகை. அடோபி கிரியேட்டிவ் கிளவுட், மைக்ரோசாஃப்ட் 365, ஆப்பிள் ஆப் ஸ்டோரில் வாங்கியவை, ஸ்டீமில் வாங்கிய விளையாட்டுகள் எல்லாம் இதில் சேரும். இவற்றுக்குக் கீ என்று ஒன்றைத் தேடவே வேண்டாம். கணக்கின் கடவுச்சொல் போதும்.

கீ மட்டுமே ஆதாரமாக இருப்பவை இன்னொரு வகை. பழைய டப்பா மென்பொருள்கள், சிறு நிறுவனங்களின் கருவிகள், ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ்கள். உங்கள் உழைப்பு முழுவதும் இவற்றுக்குத்தான் தேவை.

யூஎஸ்பி டாங்கிளில், அதாவது கம்ப்யூட்டரில் செருகும் சிறு கருவியில், லைசென்ஸ் இருப்பவை மூன்றாவது. இசை மென்பொருள்களுக்கான ஐலாக் இதற்கு நல்ல உதாரணம். டாங்கிள் நனைந்து செத்துவிட்டாலும் எறியாதீர்கள். பழுதான டாங்கிளைத் திருப்பி அனுப்பச் சொல்வது வழக்கம். அது கையில் இல்லாவிட்டால் 'பழுது' என்பது 'தொலைந்தது' ஆகிவிடும், விதிகளும் மாறிவிடும். ஐலாக் கணக்கில் உள்நுழைந்து எந்த லைசென்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டாங்கிளில் இல்லாமல் செத்த கம்ப்யூட்டரிலேயே ஏற்றப்பட்டிருந்தால், அதை விடுவிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

5. மின்னஞ்சலும் பண அறிக்கையும்

லைசென்ஸ், சீரியல், ஆக்டிவேஷன், ஆர்டர், இன்வாய்ஸ் ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டித் தேடுங்கள். மென்பொருளின் பெயரை விட இந்தச் சொற்கள்தான் அதிகம் பிடித்துக் கொடுக்கும். ஜிமெயிலில் சாதாரணத் தேடல் ஸ்பாமையும் குப்பைக்கூடையையும் பார்ப்பதில்லை. தேடல் வசதிகளைத் திறந்து அவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிறகு பழைய முகவரிகள். படித்த இடம், வேலை பார்த்த இடம், இணைய இணைப்போடு வந்த முகவரி எதையும் விடாதீர்கள். வாங்கும்போது கொடுத்த முகவரி எது என்பதுதான் பிறகு எல்லாவற்றுக்கும் சாவி. அந்த முகவரி இப்போது உயிரோடு இல்லை என்றாலும், அது எது என்று சொல்ல முடிந்தாலே பாதி வேலை முடிந்தது.

மின்னஞ்சல் கிடைக்கவில்லை என்றால் வங்கி அறிக்கையும் கிரெடிட் கார்டு அறிக்கையும் இருக்கின்றன. இங்கே ஒரு பொறி உண்டு: அறிக்கையில் மென்பொருளின் பெயரே இருக்காது. சிறு நிறுவனங்கள் பலவும் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங், கிளெவர்பிரிட்ஜ் போன்ற இடைவிற்பனையாளர்கள் வழியாக விற்கின்றன. பணம் போனது அவர்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கும். அந்தப் பெயர்களைப் பார்த்தால் நின்று விசாரியுங்கள். பழைய ஆர்டரைத் தேடித் தரும் வசதி அவர்களிடமே உண்டு. மென்பொருள் நிறுவனம் பதில் சொல்லாவிட்டாலும் ரசீது அங்கே கிடைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கை வங்கியின் ஆப்பில் இருக்காது. எழுதிக் கேட்க வேண்டும், அதற்குக் கட்டணமும் கேட்கலாம். நாட்கள் பிடிக்கும் வேலை என்பதால் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அதே மென்பொருளை வேறொரு பழைய லேப்டாப்பில் போட்டிருந்தீர்களா என்றும் யோசியுங்கள். பரணில் கிடக்கும் அந்த லேப்டாப்பில் மென்பொருளின் 'அபௌட்' (பற்றி) பெட்டியிலேயே சீரியல் எண் தெரியக்கூடும். எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் பேக்கப் இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள்.

6. விண்டோஸும் ஆஃபிஸும்

விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு, விண்டோஸோடு சேர்த்து வாங்கிய பிராண்ட் கம்ப்யூட்டர்களில் கீ பொதுவாக மதர்போர்டின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும், ஸ்டிக்கரில் இருக்காது. போர்டு பிழைத்திருந்தால் அதே விண்டோஸ் பதிப்பை நிறுவும்போது அது தானாகவே கீயை எடுத்துக்கொள்ளும். போர்டு செத்துவிட்டால் கீயும் போனது. ஆனால் அதற்காக வருந்த வேண்டாம். அந்த லைசென்ஸ் அந்தப் போர்டுக்கே உரியது, வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது. அதை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தனியாகக் கடையில் வாங்கிய விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் கதை வேறு. அதை மாற்றலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லைசென்ஸ் ஏற்கெனவே இணைந்திருந்தால், புது கம்ப்யூட்டரில் அதே கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் (லைசென்ஸை ஒரு கம்ப்யூட்டரில் செயல்படுத்துவது) பக்கத்தில் பிழைதீர்ப்பானை ஓட்டி, சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றியதாகச் சொல்லும் தேர்வை எடுங்கள். பழைய கம்ப்யூட்டரின் பெயர் பட்டியலில் வந்தால் அதைத் தேர்ந்தால் போதும்.

ஆஃபிஸைப் பொறுத்தவரை 2013-க்கு முன், பின் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2010 வரையிலான ஆஃபிஸின் முழுக் கீயும் டிஸ்க்கில் பதிந்திருக்கும். 2013-இலிருந்து கடைசி 5 எழுத்துகள் மட்டும்தான் பதிவாகின்றன. எந்தக் கருவியாலும் முழுக் கீயை அங்கிருந்து எடுக்க முடியாது. முடியும் என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். அந்த 5 எழுத்துகளாலும் பயன் உண்டு: வீட்டில் பல கீகள் இருந்தால், எந்த அட்டை எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று பொருத்திப் பார்க்கலாம். 2013-இலிருந்து கடையில் தனியாக வாங்கிய ஆஃபிஸ் முதல்முறை நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்துவிடும். அந்தக் கணக்கைக் கண்டுபிடிப்பதே நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

7. டிஸ்க்: கடைசி வழி, கவனமாக

தண்ணீரில் மூழ்கிய சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் காயவைக்காதீர்கள். கேட்க விந்தையாக இருக்கும், ஆனால் காரணம் உண்டு. சாதாரண டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கும்; தண்ணீர் அதன் வழியே உள்ளே போயிருக்கலாம். அது காய்ந்தால் உப்பும் அழுக்கும் உள்ளே சுழலும் தட்டில் படிந்துவிடும். அதன் மேல் தட்டைப் படிக்கும் ஹெட் ஓடினால் எல்லாம் கீறிப் போகும். டிஸ்க்கை ஈரத் துணியோடு மூடிய பையில் போட்டு அப்படியே ரெக்கவரி நிறுவனத்திடம் கொடுப்பதுதான் சரி. நீங்களே திறந்து பார்க்கவும் வேண்டாம்.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை. கழற்றக்கூடியது என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, பொறுமையாக முழுவதும் காயவிட்டு, யூஎஸ்பி அடாப்டரில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் பார்க்கலாம். துரு பச்சையாகப் பிடித்திருந்தால் மின்சாரம் கொடுக்காமல் நிபுணரிடம் போங்கள். 2018-க்குப் பிந்தைய பெரும்பாலான மேக்புக்குகளில் இந்த வழியே கிடையாது. சேமிப்புச் சில்லு போர்டோடு ஒட்டியிருக்கும், அதன் பூட்டும் அதே போர்டில்தான் இருக்கும்.

விண்டோஸ் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். 'நான் அப்படி எதையும் போடவில்லையே' என்று திகைக்காதீர்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக இயங்கத் தொடங்கிவிடும். ரெக்கவரி கீயும் அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இணையத்தில் கணக்கைத் திறந்து, திரையில் தெரியும் அடையாளக் குறியோடு பொருத்தி எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டா ரெக்கவரிக்குக் கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன்பே இந்தக் கீ கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் அவர்கள் மீட்டுத் தருவது படிக்க முடியாத குவியல்தான்.

டிஸ்க் திறந்துவிட்டால், விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் 'சாஃப்ட்வேர்' என்ற நீட்டிப்பில்லாத கோப்பு. விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. நிர்சாஃப்ட்டின் புரொட்யூகீ போன்ற இலவசக் கருவிக்கு அந்த டிஸ்க்கின் விண்டோஸ் கோப்புறையைக் காட்டினால் பழைய விண்டோஸ், ஆஃபிஸ் கீகளைப் படித்துச் சொல்லும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இத்தகைய கருவிகளைத் தடுக்கும். கீயைப் படிப்பதே அவற்றின் வேலை என்பதால் அந்த எச்சரிக்கை எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் உருவாக்கியவரின் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள்.

கிடைத்த கீயை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. விண்டோஸ் 10, 11-இல் டிஜிட்டல் லைசென்ஸ் வழியாக ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்டர்கள் பலவற்றில், பதிப்புக்கு ஒன்றாக ஒரு பொதுக் கீ பதிந்திருக்கும். புரோ பதிப்பில் அது '3V66T' என்று முடியும். ஹோம் பதிப்பில் கடைசி எழுத்துகள் 8, ஹெச், வி, எக்ஸ், 7. இவற்றைப் பார்த்தால் உங்கள் கீ கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அது உலகத்துக்கே பொதுவானது, அதைக்கொண்டு ஆக்டிவேட் செய்ய முடியாது.

சிறு மென்பொருள்கள் பல, லைசென்ஸைத் தனிக் கோப்பாக வைக்கின்றன. புரோகிராம்டேட்டா, பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா இரண்டும் மறைந்திருக்கும். மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, இரண்டையும் முழுசாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், பிரிஃபரன்சஸ்.

செலவைப் பற்றி: 'எனக்கு ஒரு கீ மட்டும் போதும், குறைத்துக்கொள்ளுங்கள்' என்று ரெக்கவரி நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. டிஸ்க்கின் பழுது எவ்வளவு என்பதைப் பொறுத்தே கட்டணம். கோப்பு ஒன்றா லட்சமா என்பது பெரிய விஷயமில்லை. சோதிக்க மட்டும் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை, தொலைந்த மென்பொருள்களைப் புதிதாக வாங்கும் விலையோடு வைத்துப் பாருங்கள். கீக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. படங்களும் ஆவணங்களும் சேர்ந்து வேண்டும் என்றால் அது வேறு கணக்கு.

8. நிறுவனத்துக்கு எழுதுவது

எழுதும் முன் இவற்றை ஒரே கோப்புறையில் சேருங்கள்: வாங்கும்போது கொடுத்த பெயரும் மின்னஞ்சலும், ஆர்டர் எண் அல்லது பணம் போன தேதியும் தொகையும், மென்பொருளின் பதிப்பு, படிக்க முடிந்த அளவு கீ, நனைந்த டப்பாவின் படம். வங்கி அறிக்கையை அனுப்பும்போது அந்த ஒரு வரியைத் தவிர மற்றதை மறைத்துவிடுங்கள்; கார்டு எண்ணில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிந்தால் போதும்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்:

"தங்கள் மென்பொருளின் இன்ன பதிப்பை இன்ன தேதியில் வாங்கினேன். ஆர்டர் எண் இது. அப்போது கொடுத்த மின்னஞ்சல் இது. வீட்டில் தண்ணீர் புகுந்ததில் கீ அச்சிட்ட அட்டையும் நிறுவியிருந்த கம்ப்யூட்டரும் சேதமாகிவிட்டன. பணம் செலுத்திய சான்றும் படங்களும் இணைத்துள்ளேன். கீயை மீண்டும் அனுப்பவும், பழைய கம்ப்யூட்டரின் ஆக்டிவேஷனை நீக்கவும் வேண்டுகிறேன். ஏதேனும் ஒன்று முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்."

கீயும் ஆக்டிவேஷனும் வேறு வேறு, இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். கீ மட்டும் வந்து, போட்டுப் பார்த்தால் 'அனுமதித்த எண்ணிக்கை முடிந்துவிட்டது' என்று வரும். மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

நான் எழுதிய ஒரு நிறுவனம், உதவி கேட்கும் படிவத்திலேயே சீரியல் எண்ணைக் கட்டாயமாக வைத்திருந்தது. தொலைந்ததே அதுதான். விற்பனைப் பிரிவின் முகவரிக்கு எழுதி, தேதியையும் தொகையையும் கார்டின் கடைசி 4 இலக்கத்தையும் கொடுத்தேன். அவர்கள் ஆர்டரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தொழில்நுட்ப உதவிப் பிரிவு கதவைச் சாத்தினால் விற்பனைப் பிரிவைத் தட்டிப் பாருங்கள்.

பதில் வர சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். நினைவூட்ட வேண்டுமென்றால் அதே டிக்கெட்டிலேயே (பதிவான உதவிக் கோரிக்கை) பதில் எழுதுங்கள். புதிதாக ஒன்று திறந்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

தேடுபொறியில் முதலில் வரும் 'ஹெல்ப்லைன்' எண்ணுக்கு அழைக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரில் போலி உதவி எண்கள் நிறைய உலவுகின்றன. யாராவது உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கேட்டால் போனை வைத்துவிடுங்கள். உதவி கேட்கிறோம் என்று கீயின் படத்தைப் பொதுவெளியில் போடவும் வேண்டாம். யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டால், உங்கள் ஆக்டிவேஷன் எண்ணிக்கை அவர்களிடம் போய்விடும்.

9. காப்பீடு இருந்தால்

கம்ப்யூட்டரைக் கோரிக்கையில் எழுதுகிறவர்கள், அதிலிருந்த மென்பொருளை எழுத மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு லைசென்ஸையும் தனி வரியாக, வாங்கிய தேதி, விலை, இப்போது மாற்று வாங்கும் விலை ஆகியவற்றோடு எழுதுங்கள். சில பாலிசிகள் கருவிக்குக் கொடுத்து மென்பொருளுக்குக் கொடுப்பதில்லை. எனவே பாலிசியின் விலக்குப் பகுதியை முதலில் படியுங்கள், கோரிக்கைக்கான கெடு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் நிறுவனம் 'மாற்றுக் கீ தர இயலாது' என்று எழுதினால் அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. கடிதத்தில் காரணத்தை எழுத்தில் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

இழப்பீடு கொடுத்ததும் பழைய கம்ப்யூட்டரை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். நனைந்த டப்பாக்களையும் மதிப்பீட்டாளர் பார்த்து முடிக்கும்வரை வைத்திருங்கள்.

10. நிறுவனமே இல்லை என்றால்

மென்பொருள் பழையது, செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள் என்றால், முதலில் அதை வேறு யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். வாங்கியவர்களிடம் பழைய வாடிக்கையாளர் பட்டியலும் வந்திருக்கலாம். புதுப் பதிப்புக்குக் குறைந்த விலையில் மாறும் வழியும் கொடுக்கலாம். யாரும் வாங்கவில்லை என்றால், இணையம் வழியாகக் கீயைச் சரிபார்க்கும் மென்பொருளுக்கு, கீ கிடைத்தாலும் அந்தச் சர்வர் இருக்காது. ஆக்டிவேட் ஆன நிலையிலிருந்த முழு டிஸ்க் பேக்கப் மட்டும்தான் அங்கே உதவும். அதுவும் இல்லாவிட்டால், அந்தக் கோப்புகளைத் திறக்கும் வேறு மென்பொருளைத் தேடுவதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

புதிதாக வாங்குவது என்று முடிவானால், அடிமாட்டு விலைக்குக் கீ விற்கும் இடங்களைத் தவிருங்கள். அங்கே கைமாறுபவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தவை. இன்று ஆக்டிவேட் ஆகும். பிறகு ஒருநாள் முடக்கப்பட்டால் கேட்க நாதி இருக்காது, காட்டுவதற்கு முறையான ரசீதும் இருக்காது. காப்பீட்டுக் கோரிக்கையோடு அந்த ரசீதை வைத்தால், மற்ற வரிகளையும் அவர்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.